சித்திரமும் விதைநெல்லும்

பட்டிமன்றத்துக்கென்றே பிறந்த கேள்விகள் சில உண்டு. கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்பது நம் ஊர்க் கேள்வி. அதே ஜாதியைச் சேர்ந்த ஒன்று மேல்நாட்டிலும் வெகு காலமாக நடமாடி வருகிறது. ஒரு சித்திரசாலை தீப்பற்றி எரிகிறது. உள்ளே, உலகத்தில் இரண்டாவது பிரதி இல்லாத மகா சித்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தையும் இருக்கிறது. ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவர முடியும். எதைத் தூக்குவீர்கள்?

குழந்தையை என்று சொல்லாதவன் இல்லை. ஜியாகோமெட்டி என்ற சிற்பி அதற்கும் ஒரு படி மேலே போய், தீப்பிடித்த வீட்டில் ரெம்பிராண்டின் சித்திரமும் ஒரு பூனையும் இருந்தால் பூனையைத்தான் தூக்குவேன் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன். தட்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. இந்தப் பதிலுக்காகச் சொன்னவர் என்ன செலவழித்தார்? எரியாத வீட்டில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்தக் குழந்தையையும் காப்பாற்றிவிடலாம்.

கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. வாழ்க்கை யாரையும் இப்படிக் கேட்பதில்லை. தீ என்பது ஒரு நிமிஷத்து விவகாரம். கை எதைத் தொட்டதோ அதைத் தூக்கிக்கொண்டு கால் ஓடிவிடும். யோசனைக்கு அங்கே வேலையில்லை. நிஜமான கேள்வி மெதுவாக வருகிறது. ‘இன்றைக்கு உனக்குக் கிடைத்த ரொட்டி இவ்வளவு, உன் உடம்பில் மிச்சமிருக்கும் பலம் இவ்வளவு, இதில் உனக்கென்று எவ்வளவு வைத்துக்கொள்வாய், உன்னுடையதல்லாத ஒன்றுக்கு எவ்வளவு கொடுப்பாய்?’ என்று காலையில் எழுந்ததும் கேட்கிறது. மறுநாளும் வந்து கேட்கிறது. ஓர் ஊரில் அது 872 நாள் விடாமல் வந்து கேட்டது. அந்த ஊரைச் சமீபத்தில் பார்த்துவிட்டு வந்தேன்.

ருஷ்யாவில் நேவா நதிக்கரையில் இருக்கும் பீட்டர்ஸ்பர்க்தான் அது. யுத்த காலத்தில் அதற்கு லெனின்கிராட் என்று பெயர். 1991-இல் பழைய பெயரையே திரும்ப வைத்துக்கொண்டார்கள். அங்கே போகிற பிரயாணி எவனும் ஹெர்மிட்டேஜ் காட்சிசாலைக்குப் போகாமல் திரும்புவதில்லை. திரும்பினால் ஊரில் மரியாதை இருக்காது.

ஹெர்மிட்டேஜ் என்றால் துறவியின் குடில் என்று பொருள். அந்தக் குடிலைப் பார்த்தால் நம் ஊர்ச் சந்நியாசிகள் மூர்ச்சையாகிவிடுவார்கள். பெர்லின் வியாபாரி ஒருவர் பிரஷ்ய ராஜாவுக்காகச் சேர்த்த சித்திரங்களை, யுத்தத்தில் கஜானாவைக் கரைத்துவிட்ட அந்த ராஜா வாங்க முடியாமல் போக, ருஷ்யச் சக்ரவர்த்தினி காதரீன் 1764-இல் வாங்கிக்கொண்டாள். சக்ரவர்த்தினி தனிமையில் சித்திரம் பார்க்க அரண்மனையை ஒட்டிக் கட்டிய இடம் என்பதால் ‘குடில்’. அந்த அரண்மனையும் சேர்ந்து இன்றைக்கு நதிக்கரை நெடுக வரிசையாக நிற்கிறது. உள்ளே 30 லட்சம் பொருள்கள் இருப்பதாகக் கணக்கு.

வெள்ளைச் சலவைக்கல்லும் தங்க முலாமுமாக மேலே போகும் அந்தப் பெரிய மாடிப்படியில் கால் வைத்தவுடன் பிரயாணிக்கு ஒரு பேராசை பிடித்துவிடுகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்! நான் மனக்கணக்குப் போட்டேன். ஒரு பொருளுக்கு ஒரு நிமிஷம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 17 வருஷம் ஆகும். திங்கட்கிழமை விடுமுறையைக் கழிக்காமலே. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பகல்.

லியனார்டோவின் இரண்டு மாதாக்களைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் பிறருடைய முதுகு. கையில் தூக்கிப் பிடித்த டெலிபோன்களில் மாதா குட்டி குட்டியாகத் தெரிந்தாள். குறை சொல்லவில்லை, கர்ப்பக்கிருகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஜாதி நாம். மூன்று மணி நேரம் நடந்த பிறகு முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்கோ திகட்டல். கல்யாண வீட்டில் மூன்றாவது பாயசம் வரும்போது இலையை மூடுவோமே, அந்த நிலைமை. இனி எந்த மகா கலைஞன் வந்தாலும் வேண்டாம், ஒரு நாற்காலி வந்தால் போதும் என்ற மனநிலையில் ரெம்பிராண்டு கூடத்துக்குள் நுழைந்தேன்.

ஒவ்வொரு கூடத்திலும் ஓர் ஓரமாக, சால்வை போர்த்திய வயதான அம்மாள் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். காவலுக்கு. அந்தக் கூடத்து அம்மாள் நான் நின்ற இடத்தைப் பார்த்தாள், முகம் சுளித்தாள், எழுந்து வந்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து நாலு அடி இடப்பக்கம் நகர்த்தி நிறுத்திவிட்டு, சித்திரத்தைக் காட்டிவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வெளிச்சம் வார்னிஷில் பட்டுப் பளபளத்துக்கொண்டிருந்தது. புதிய இடத்திலிருந்து பார்த்தால் அது இல்லை. சித்திரம் மட்டும் இருந்தது.

கெட்ட குமாரன் திரும்பி வந்த கதை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருவது. பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பன்றிக்குப் போடுவதும் கிடைக்காமல் தகப்பனிடம் திரும்பிய மகன். எட்டரை அடிக்கு மேல் உயரம், ஏறக்குறைய ஏழடி அகலம் உள்ள துணியில் அந்த ஒரு கணம். மகன் மண்டியிட்டிருக்கிறான், நமக்குத் தெரிவது அவன் முதுகும், கைதியைப் போல மழித்த தலையும், பாதங்களும்தான். ஒரு காலிலிருந்து செருப்பு நழுவிவிட்டது. உள்ளங்கால் காய்ப்பேறிக் கிடக்கிறது. அவன் எவ்வளவு தூரம் நடந்தான் என்பதைக் கதை சொல்லவில்லை. அந்தப் பாதம் சொல்கிறது. கிழவர் குனிந்திருக்கிறார். அவர் கண்ணுக்குப் பார்வை உண்டா என்றே சந்தேகம். பார்வை முழுவதும் கைக்கு இறங்கிவிட்டது போல, இரண்டு கைகளும் மகன் முதுகைத் தடவிப் பார்க்கின்றன. ஒன்று அகன்ற கை, உழைத்த ஆணின் கை. இன்னொன்று மெலிந்தது, மெத்தென்றிருப்பது. தாயின் கை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வலப்பக்கம் சிவப்புப் போர்வையோடு ஒருவன் விறைப்பாக நிற்கிறான். அவனை மூத்த மகன் என்று கொள்வது வழக்கம். ‘ஊரிலேயே இருந்து உழைத்த எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி இல்லை, அழித்துவிட்டு வந்தவனுக்குக் கொழுத்த கன்றா?’ என்று கேட்டவன். நியாயமான கேள்வி. கணக்கில் பிசகே இல்லை. ஆனாலும் ரெம்பிராண்டு வெளிச்சத்தையெல்லாம் கிழவரின் பக்கம் கொட்டிவிட்டு, அவன் முகத்துக்குக் கொஞ்சம் மட்டும் மிச்சம் வைத்தார்.

வரைந்தவர் 1656-இல் திவாலானவர்; வீடும் சாமானும் ஏலத்தில் போயிற்று. 1668-இல் வயது வந்த மகன் டைட்டஸ் இறந்தான். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். அந்தக் கடைசி வருஷங்களில் வரைந்தது இது. நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முழங்கால் மட்டும் வாயை மூடிக்கொண்டது நினைவிருக்கிறது.

இந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 1941 ஜூலையிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தக் கூடத்துச் சுவர்களில் சித்திரங்கள் இல்லை.

1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மானியப் படை எல்லையைத் தாண்டியது. காட்சிசாலையின் தலைவர் ஒர்பெலி அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். ஊழியர்களும் உதவிக்கு வந்தவர்களும் இராப்பகலாகக் கட்டினார்கள். ஜூலை முதல் தேதி ஒரு ரயில், 20-ஆம் தேதி இன்னொன்று. இரண்டிலுமாகப் பதினோரு லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் யூரல் மலைப்பக்கம் ஸ்வெர்திலோவ்ஸ்க் நகருக்குப் போயின. மூன்றாவது ரயிலுக்குப் பெட்டிகள் தயாராவதற்குள் தண்டவாளம் எதிரியின் கைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 8-ஆம் தேதி முற்றுகை பூர்த்தியாயிற்று.

சித்திரங்களைக் கழற்றும்போது மரச் சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தால் எது எங்கே என்று தேட வேண்டாம் அல்லவா? திரும்பி வரும் என்று நினைத்தார்கள்.

அந்த நவம்பரில் நகரத்தில் தொழிலாளி அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதி, கலப்படம் பாதி. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சர்க்கார் கணக்கே ஆறு லட்சத்துக்கு மேல் சொல்லிற்று. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் எட்டு லட்சம், பத்து லட்சம் என்கிறார்கள். ஜியாகோமெட்டி தூக்குவதற்கு அந்த ஊரில் பூனைகூட மிஞ்சவில்லை. இப்போது ஹெர்மிட்டேஜின் நிலவறைகளில் எலிக்காக ஐம்பது பூனைகளுக்குக் குறையாமல் வளர்க்கிறார்கள். பிரயாணிகளுக்கு அவை பெரிய வேடிக்கை. அதே நிலவறைகளில்தான் முற்றுகையின்போது ஊழியர்களும் குடும்பங்களும் கலைஞர்களுமாக ஏறக்குறைய 2,000 பேர் ஒண்டிக் கிடந்தார்கள்.

அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். போக முடியாமல் தங்கிவிட்ட சிலைகளையும் பீங்கானையும் நாற்காலி மேஜைகளையும் காத்தார்கள். கூரையில் நின்று, விழுகிற எரிகுண்டுகளை மணல் போட்டு அணைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்த கூடங்களுக்குள் பனி வந்து விழும், வாரினார்கள். தண்ணீர் புகுந்த நிலவறையில் இறங்கிப் பீங்கான்களைக் கையால் துழாவி எடுத்தார்கள். சித்திரப்பெட்டி செய்ய வாங்கி வைத்த பலகைகள் சவப்பெட்டிக்கு உதவின. சித்திரங்களைச் செப்பனிட வைத்திருந்த மரவஜ்ஜிரத்தைக் காய்ச்சிக் கட்டியாக உறையவைத்துத் தின்றார்கள். வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயில் உருளைக்கிழங்குத் தோலை வதக்கினார்கள். அது பெரிய விருந்து.

இதற்கு நடுவில், 1941 டிசம்பரில், அலிஷேர் நவாயி என்ற மத்திய ஆசியக் கவிஞர் பிறந்து 500 வருஷம் ஆனதற்கு விழாக் கொண்டாடினார்கள்! கவிதைகளை மொழிபெயர்த்த இளைஞர் நின்று படிக்கச் சக்தியில்லாமல் உட்கார்ந்தபடியே படித்தார். விழா முடிந்து சில நாளில் இறந்துபோனார்.

இந்த இடத்தில் சிவப்புப் போர்வைக்காரன் நமக்குள்ளிருந்து எழுந்து கேட்கிறான்: ‘125 கிராம் ரொட்டியில் கிடைத்த பலத்தைக் கவிதைக்கும் பீங்கானுக்குமா செலவழிப்பது? பைத்தியக்காரத்தனம் இல்லையா?’

தெய்வத் திருமேனியைக் காத்தார்கள் என்றால் நமக்கு இந்தச் சந்தேகம் வராது. அவர்கள் காத்ததோ காட்சிசாலைச் சாமான். அதனால் வேறொரு கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஹெர்மிட்டேஜிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் செயின்ட் ஐஸக் கோயிலின் பெரிய சதுக்கம். முற்றுகையின் நடுவில் அந்தச் சதுக்கத்தில் முட்டைக்கோஸ் பயிரிட்டார்கள். அதன் ஓரத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிகொலாய் வவீலவ் என்ற விஞ்ஞானி உலகமெல்லாம் சுற்றிச் சேர்த்த விதைகள் அங்கே லட்சக்கணக்கான பொட்டலங்களில் இருந்தன. நெல், கோதுமை, சோளம், பட்டாணி, நிலக்கடலை. எல்லாம் தின்னக்கூடியவை.

அங்கிருந்தவர்கள் தின்னவில்லை. நிலக்கடலை ஆராய்ச்சிக்காரர் ஷ்சூக்கின் தம் மேஜையிலேயே இறந்தார். நெல்லுக்குப் பொறுப்பான இவானவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் சுற்றி இருக்கப் பட்டினியால் செத்தார். இன்னும் பலர்.

இதை நம் ஊரில் குடியானவன் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டான். ‘விதைநெல்லையா தின்பாங்க?’ என்று கேட்பான். வீட்டில் உலை ஏறாத நாளிலும் விதைக்கோட்டையின் மேல் கை போகாது. அது இன்றைய வயிற்றுக்குச் சொந்தமில்லை. அடுத்த ஆடிக்குச் சொந்தம். அதைத் தின்பவன் தன் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறான் என்பது அவன் கணக்கு.

ஆனால் அதே நாட்டில்தான் இளையான்குடி மாறனாரின் கதையும் இருக்கிறது. பெருமழை இரவு, வீட்டில் குந்துமணி அரிசி கிடையாது, வாசலில் பசியோடு ஓர் அடியார். மாறனார் அன்று பகலில் விதைத்த நெல்லையே இருட்டில் போய் வயலிலிருந்து வாரிக்கொண்டு வருகிறார். வீட்டுக் கூரையின் கழிகளை வெட்டி அடுப்பெரிக்கிறார். சேக்கிழார் அவரை நாயனாராக வைத்துப் பாடினார். விதைநெல்லை அழித்தவன் என்று திட்டவில்லை.

இரண்டையும் ஒரே ஜனங்கள் கொண்டாடுகிறார்கள். முரண் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதையைத் தொடாத குடியானவனும் கொடுப்பது தன் பசியைத்தான். வாரிக் கொண்டுவந்த மாறனாரும் கொடுத்தது தம் நாளைய சோற்றைத்தான். இருவரும் பிறத்தியார் பசியை எடுத்துத் தானம் செய்யவில்லை. சித்திரம் பெரிதா, மனிதன் பெரிதா என்று கேட்பதைவிட, இங்கே பட்டினி கிடப்பது யார், அவனைக் கேட்டார்களா என்று விசாரிப்பது நல்லது.

வவீலவையே எடுத்துக்கொள்ளுங்கள். விதைகளைச் சேர்த்தவர் முற்றுகையின்போது அந்தக் கட்டடத்தில் இல்லை. 1940-இலேயே அவரைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போய்விட்டது. 1943 ஜனவரியில் சராத்தவ் நகரச் சிறையில் சோறின்றி நலிந்து இறந்தார். மனிதர்கள் இனிப் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஐந்து கண்டங்களில் விதை பொறுக்கியவர்! அவருடைய சகாக்களும் பட்டினியால்தான் செத்தார்கள். வைத்தியர் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் எழுதுவார். ஆனால் சகாக்கள் தங்கள் பசியைக் கொடுத்தார்கள், அவரிடமிருந்து பறித்தார்கள்.

ஹெர்மிட்டேஜிலும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. யுத்தத்துக்குப் பத்து வருஷம் முன்பே அங்கே சில சுவர்கள் காலியாயின. எதிரியால் அல்ல. யந்திரம் வாங்க அந்நியப் பணம் வேண்டுமென்று சோவியத் சர்க்கார் சித்திரங்களை விற்றது. 1930, 1931 இரண்டு வருஷங்களில் ஆண்ட்ரூ மெல்லன் என்ற ஒருவர் மட்டும் 21 சித்திரங்களை வாங்கினார். விலை 66 லட்சம் டாலருக்கு மேல். ரஃபேலின் ‘ஆல்பா மாதா’வுக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல். மெல்லன் அப்போது அமெரிக்காவின் நிதி மந்திரி. அவருடைய தேசத்தில் வேலையில்லாதவர்கள் சூப்புக்காகத் தெருவில் வரிசை நின்ற காலம் அது. வாங்கியது ரகசியமாக, பிறகு தேசத்துக்கே கொடுத்துவிட்டார். வாஷிங்டனில் 1941-இல் திறந்த தேசியச் சித்திரசாலையில் அவை இருக்கின்றன.

விற்றது பாவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு ரஃபேலை விற்று ஒரு ஜில்லாவுக்குக் கஞ்சி ஊற்றியிருந்தால், அந்த வெற்றுச் சுவருக்கு நான் மாலை போட்டுக் கும்பிட்டிருப்பேன். மாறனார் கூரையைப் பிடுங்கினாரே, அதுபோல. ஆனால் நடந்தது அதுவல்ல. சித்திரமும் போயிற்று, தானியமும் கப்பலேறிப் போயிற்று. 1932, 1933-இல் உக்ரேனிலும் கஜகஸ்தானிலும் வால்கா பிரதேசத்திலுமாக 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். ‘சித்திரத்தை வைத்துக்கொண்டு வயிறு நிறையுமா?’ என்ற கேள்வி அங்கே நன்றாகப் பயன்பட்டது. நிறைய வேண்டிய வயிறு கடைசிவரை நிறையவில்லை. பசித்தவன் பெயரால் யாராவது எதையாவது விற்க வந்தால், முதலில் பசித்தவன் எங்கே என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

சித்திரத்தின் பக்கம் நிற்பவர்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். கலை மனிதனை உயர்த்துகிறது என்று மேடையில் பேசுவது எங்கள் தொழிலோடு சேர்ந்த வியாதி. 1941-இல் நகரத்துக்கு வெளியே ஜாரின் கோடை அரண்மனையிலிருந்து அம்பர் அறை என்ற அற்புதத்தைப் பலகை பலகையாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனவர்கள் முரடர்கள் அல்ல. எது உசத்தி என்று தெரிந்த கலை நிபுணர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் பெர்லினிலிருந்து பெர்காமன் பலிபீடத்தின் சிற்பங்களையே ஹெர்மிட்டேஜுக்குக் கொண்டுவந்தார்கள். அவை 1958-இல் திரும்பப் போயின. ஜெர்மனியிலிருந்து வந்த வேறு பல சித்திரங்கள் ஐம்பது வருஷம் பூட்டிய அறையில் கிடந்து 1995-இல்தான் வெளியே தெரிந்தன. வெற்றுச் சட்டத்தின் துக்கம் என்ன என்று அறிந்த ஊரிலேயே பிறத்தியார் சித்திரம் பூட்டப்பட்டுக் கிடந்தது. ஆகவே, சித்திரம் பார்த்தால் மனம் சுத்தமாகும் என்று யாருக்கும் நான் உத்தரவாதம் கொடுக்கத் தயாரில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கதை எழுதுகிறவன் புத்தி எப்போதும் கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். நிலக்கடலைப் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவர் ராத்திரி வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நாலு வயதுப் பெண் ஒன்று, பேசச் சக்தியில்லாமல், அப்பாவின் கோட்டுப் பையைப் பார்க்கிறது. அவர் கொடுத்தது தம் பசி மட்டும்தானா? அந்தக் குழந்தையை யார் கேட்டார்கள்? தன் பசியைக் கொடுப்பது, பிறத்தியார் பசியைப் பறிப்பது என்று நான் போட்ட கோடு இந்த வீட்டு வாசலில் அழிந்துபோகிறது. பை காலியாக வந்தவரை மகான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பிடி கடலை எடுத்துவந்திருந்தால் திருடன் என்றும் சொல்ல முடியாது. உலகத்தில் இனி விளையவே போகாத ஒரு ஜாதிக் கடலை அந்தப் பிடியோடு முடிந்திருக்கலாம். குழந்தை ஒரு வாரம் பிழைத்திருக்கலாம். இதற்கு எந்த தர்ம சாஸ்திரம் தீர்ப்புச் சொன்னாலும், சொன்னவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்றுதான் நான் கேட்பேன்.

அதனால் தீர்ப்பை விட்டுவிட்டு, எனக்குச் சந்தேகமே வராத ஒரு சம்பவத்துக்குப் போகிறேன்.

1942-இன் வசந்த காலம். முதல் குளிர்காலம் கொன்றது போக மிச்சமிருந்தவர்கள் மிச்சமிருந்தார்கள். கூரை ஒழுகி ஊறிப்போன மேஜை நாற்காலிகளை வெயிலுக்கு இறக்க வேண்டும். ஊழியர்களுக்கு அதற்குப் பலமில்லை. ராணுவப் பயிற்சிப் பள்ளியிலிருந்து சில பையன்களை அனுப்பினார்கள். அவர்கள் சுமந்தார்கள். வேலை முடிந்ததும், அவர்களுக்கு என்ன கொடுப்பது? கொடுக்க ஒரு வாய்த் தேநீர்கூட இல்லை. பாவெல் குப்செவ்ஸ்கி என்ற ஊழியர், வாருங்கள், சித்திரங்களைக் காட்டுகிறேன் என்று அழைத்துக்கொண்டு போனார்.

வெறும் சட்டங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்தி, இங்கே இந்தச் சித்திரம், இதில் இன்னார் இப்படி நிற்கிறார், வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வருகிறது, அவர் உடுப்பு இந்த வர்ணம் என்று சொல்லிக்கொண்டு போனார். பையன்கள் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அங்கே திருடவோ விற்கவோ பூட்டி வைக்கவோ ஒன்றுமில்லை. போட்டோ எடுக்கவும் ஒன்றுமில்லை. சொல்கிறவருக்குச் சொல்லப் பலம் வேண்டியிருந்தது. அந்தப் பலத்தை அவர் தம் ரொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பையன்கள் இங்கிருந்து போக வேண்டிய இடம் போர்முனை. அதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர்களை விருந்தாளியாக நடத்த முடிந்தது. பின்னாளில் குப்செவ்ஸ்கியே அதைத் தம் வாழ்நாளில் கண்ட விசித்திரமான சுற்று என்று நினைவுகூர்ந்தார்.

அவர் சுற்றிக் காட்டியதில் ரெம்பிராண்டு கூடம் உண்டா, கிழவரின் இரண்டு கைகளும் வேறு வேறு என்று சொன்னாரா என்றெல்லாம் கற்பனை செய்ய எனக்கு ஆசைதான். அடக்கிக்கொள்கிறேன்.

முற்றுகை 1944 ஜனவரி 27-இல் முடிந்தது. 1945 அக்டோபரில் ஸ்வெர்திலோவ்ஸ்கிலிருந்து ரயில்கள் திரும்பி வந்தன. பெட்டிகளைப் பிரித்து, சித்திரங்களை அந்த அந்தச் சட்டத்தில் பொருத்தினார்கள். நவம்பரில் கூடங்களைத் திறந்துவிட்டார்கள். சட்டங்கள் விட்ட இடத்திலேயே இருந்தபடியால் எது எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லக்கூடியவர்களில் பலர் அப்போது இல்லை.